நான் காட்டிய கல்

சிதம்பரத்தில் நெடுங்காலமாகப் பதிகம் ஓதிவரும் நான் ஒரு பொய் சொன்னேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பழங்கால அடியார் ஒருவரைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரைப் பண்ருட்டிக்கு அருகே, அவர் அழுது பாடியதாகச் சொல்லப்படும் ஒரு சிறிய சிவன்கோயிலில் படமாக்கினார்கள். பிழை நேராமல் பார்த்துக்கொள்ள என்னை அழைத்திருந்தார்கள். “அடியார் எங்க உக்காந்து அழுதாருங்க ஐயா?” என்று இயக்குநர் கேட்டார். எந்தப் பாடலிலும் அதற்கு விடை இல்லை. தெரியாது என்று சொல்ல நாணி, தெற்கு மதிலோரம் கிடந்த ஒரு கல்லைக் காட்டினேன்.

மறு ஆண்டு சென்றபோது அக்கல்லுக்கு மஞ்சள் பூசி விளக்கேற்றியிருந்தார்கள். உண்மையைச் சொல்லிவிடும் எண்ணத்தோடு, அருகில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம், “இது டிவிக்காக நான் சும்மா காட்டின கல்லும்மா” என்றேன்.

அவர் சிரித்தார். “நீங்க நேத்து வந்தவரு சாமி. எங்க அப்பாரு காலத்துலயே இதுக்கு வெளக்கு வச்சாங்க. சின்னப் புள்ளையில நானே எண்ணெ ஊத்தியிருக்கேன்.”

அவர் கண்களில் பொய் இல்லை. கல்லில் ஊறியிருந்த எண்ணெய்க் கறையும் ஓராண்டில் படிந்ததாகத் தோன்றவில்லை. கைகள் தாமாகக் குவிந்தன.

இப்போது பதிகம் ஓதும்போதெல்லாம் அடியார் அக்கல்லில் அமர்ந்து அழுகிறார். அவரை அங்கே அமர்த்தியவன் நான்தான் என்று ஒவ்வொரு முறையும் எனக்கே நினைவூட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.