மலையாண்டியின் முழங்காலும் கொழுக்கட்டைப் புல்லும்

மலையாண்டிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. இனிமேல் நடக்கக் கூடாது.

அரைஞாண் கயிறு கட்டிய வயசிலிருந்து கிடை ஆட்டோடு நடந்தவர் அவர். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை ராத்தங்க விட்டால் அவை போடும் புழுக்கை நிலத்துக்கு உரம். நிலக்காரர் தரும் நெல் ஆட்டுக்காரருக்குக் கூலி. ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல், ஓர் ஊர் முடிந்தால் அடுத்த ஊர். ஆவுடையார்கோவிலிலிருந்து தஞ்சாவூர் எல்லை வரை அவர் மிதிக்காத வரப்பு இல்லை. ஆடுகளாவது தலைமுறைக்குத் தலைமுறை மாறின. முழங்கால்கள் மட்டும் அதே பழைய ஜோடி. உட்கார்ந்தால் ஒரு சத்தம், எழுந்தால் ஒரு சத்தம்.

ஐம்பத்தாறாம் வருஷம் நார்த்தாமலைப் பக்கம் சர்க்காரில் ஒரு புல் பண்ணை போட்டு, காவலுக்கும் தண்ணீர் ஊற்றவும் ஆள் கேட்டபோது முதலில் போய் நின்றவர் அவர்தான். ஊர் சிரித்தது. பள்ளிக்கூடத்துக்கே வாத்தியார் வராத காலத்தில் புல்லுக்கு ஓர் ஆபீசரா! மலையாண்டி சட்டை செய்யவில்லை. பண்ணையில் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதன் நிழலில் உட்காரலாம். உட்கார்ந்ததற்குச் சம்பளமும் உண்டு.

ஆபீசர் நல்லதம்பிக்கு மீசை அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஊர் ஊராகப் போய், ஆடுமாடு விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல்லை வேரோடு பெயர்த்து வந்து, ஊருக்கு ஒரு வரிசையாக நட்டிருந்தார்.

"எல்லாம் ஒரே புல்லுதானே சார்? எதுக்கு இத்தனை வரிசை?" என்று மலையாண்டி கேட்டார்.

"ஒரே பாட்டன் வம்சம்தான்யா. அங்கங்க குடியேறி, அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் தக்கன மாறிப்போச்சு. குடுமியான்மலைப் புல்லு பாறை இடுக்குல பொழச்சது, வேரு ஆழமா எறங்கும். ஆவுடையார்கோவில் புல்லு உப்புத் தண்ணியக் குடிச்சுப் பழகுனது. ஊரெல்லாம் ஒரே வகைய வச்சா ஒரு பஞ்சத்துல மொத்தமாப் போயிரும். பல வகை இருந்தா ஏதாவது ஒண்ணு நிக்கும்."

"ஆடு கடிச்சுட்டா?"

"கடிக்கட்டுமே. செடிக்கு வளர்ற எடம் நுனியில இருக்கு, புல்லுக்கு அடியில இருக்கு. மனுசன் வர்றதுக்கு லட்சக்கணக்கான வருசம் முந்தியே மிருகங்க மேஞ்சு மேஞ்சு, அதுக்குத் தாக்குப்பிடிச்ச புல்லுதான் இன்னைக்கு மிச்சம். மேயுற வாயும் புல்லும் சேந்தே வளந்ததுய்யா. பிரிக்க முடியாது."

மலையாண்டி தலையை ஆட்டினார். அந்தக் கடைசிப் பேச்சு மட்டும் அவர் மனசில் நன்றாக ஒட்டிக்கொண்டது.

கோடையில் ஆபீசர் கோயமுத்தூருக்குப் போனார். அறுத்துவிட்ட புல் வெறும் தூராக நின்றது. வரிசைகள் வெளுத்துக் கிடப்பதைப் பார்க்க மலையாண்டிக்குப் பொறுக்கவில்லை. மண்ணுக்குத் தெம்பு வேண்டாமா? அந்த நேரம் பார்த்து அவர் மனைவியின் தம்பி சேவுகன் ஆட்டு மந்தையோடு தெற்கேயிருந்து வந்தான்.

"மாப்ள, இங்கிட்டு நாலு நாளு கிடை போடு."

"நெல்லுக்குப் போட்டிருக்கேன், கம்புக்குப் போட்டிருக்கேன். புல்லுக்கு யாரு மச்சான் கிடை போடுவா? வெயில்ல மண்டை காஞ்சுபோச்சா?"

"ஆபீசரே சொல்லிட்டாருடா, ரெண்டையும் பிரிக்கக் கூடாதுன்னு. பேசாம அடை. ஒங்கக்கா சோறு போடுவா."

கிடை போட்டார்கள். முதல் மழை விழுந்ததும் பண்ணை பச்சென்று எழுந்தது. மலையாண்டி பூரித்துப் போனார். பூரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வரிசைக்குள்ளும் வரிசைக்கு நடுவிலும் புதுக் குருத்துகள். சேவுகனின் ஆடுகள் ரோமத்தில் ஒட்டியும் குடலில் தங்கியும் வழியெல்லாம் வாங்கி வந்த அதே புல்லின் விதைகளை ஓரவஞ்சனை இல்லாமல் இறக்கிவிட்டுப் போயிருந்தன. எது குடுமியான்மலை, எது ஆவுடையார்கோவில், எது நேற்று வந்த விருந்தாளி?

மனைவி அழகம்மாளும் அவரும் குனிந்து பிடுங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் அழகம்மாள் நிமிர்ந்தாள். "நீங்க பிடுங்குறது ஆபீசர் நட்டதா, ஆடு போட்டதா? எனக்கு எல்லாம் ஒரே மூஞ்சியாத் தெரியுது."

"எனக்கும்தான்."

"மழையில வந்துச்சுன்னு சொல்லிருங்க. இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி ஆட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அலையணும்."

அவர் யோசித்தார். பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதற்கும் உடம்பில் தெம்பு இல்லை.

ஆபீசர் வந்ததும் நடந்ததைச் சொன்னார். நல்லதம்பி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"புல்லுக்கு ஆடு வேணும்னு நீங்கதானே சார்..."

"சொன்னேன்யா. இந்த வாயாலதான் சொன்னேன்." மீசையைத் தடவிக்கொண்டார். "இனி இதுல எதையும் நம்ப முடியாது. மறுபடி முதல்லேருந்து ஊர் ஊராப் போய்க் கொண்டாரணும். எனக்கு வழி கேட்டுக் கேட்டே மாசம் ஓடிப்போச்சு. நீ கிடை போட்ட ஊரெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியுமா சார்?" என்று சொன்ன பிறகுதான் மலையாண்டிக்குப் புரிந்தது.

"அப்ப ஒன் வேலை போகல. நடந்து போய் நீயே எடுத்துட்டு வா. வேரோட, அந்த ஊர் மண்ணோட, ஊருக்கு ஒரு சாக்கு. ஒண்ணோட ஒண்ணு கலக்கப்படாது."

வேலை தப்பியது. முழங்கால் தப்பவில்லை.

மறுநாள் காலை சாக்குகளையும் கடப்பாரையையும் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். குடுமியான்மலைப் பாறைச் சரிவில் ஒரு தூரைப் பெயர்த்துச் சாக்கில் கட்டி, அடுத்த ஊருக்கு எட்டு வைத்தார். கால் நின்றது. வேட்டிக் கரையெல்லாம் புல் விதை ஒட்டியிருந்தது.

ஒரு தரம் சத்தம் போட்டுக்கொண்டு முழங்கால்கள் மடங்கின. பாறை நிழலில் உட்கார்ந்து விதைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்த ஊர் மண்ணிலேயே போட்டார். அவசரப்படவில்லை. கலக்கக் கூடாது என்று ஆபீசர் சொல்லியிருக்கிறார். அந்த வேலையை உட்கார்ந்துதான் செய்ய முடியும்.