அறுக்காத வயலுக்கு மெழுகிய களம்

அறுப்பு மாதமான ஹிதார் பிறந்த பதினேழு நாளில் ஷிபேஷி தன் களத்தை மூன்று முறை சாணம் போட்டு மெழுகிவிட்டான். களம் வெயிலில் பதப்படுத்திய தோல்போலப் பளபளத்தது. அதில் போட்டு மிதிக்க ஒரு கட்டு டெஃப் தானியக் கதிர்கூட வந்து சேரவில்லை. அந்த வருஷத்துச் சோறு முழுவதும் சரிவில், வயலில், பழுத்துத் தலைசாய்ந்து நின்றுகொண்டிருந்தது. காற்று அடிக்கும்போதெல்லாம் கடுகைவிடச் சின்ன மணிகள் சத்தமில்லாமல் மண்ணில் உதிர்ந்தன.

ஊரில் மற்ற எல்லோரும் அறுத்துப் போர் போட்டாயிற்று.

"என்ன ஷிபேஷி, இன்னிக்கு எந்தப் புனிதர் உன் கையைப் பிடிச்சு வெச்சிருக்காரு?" கழுதையை ஓட்டிக்கொண்டு போன பக்கத்து வயல்காரன் வொர்க்னே வேலிக்கு வெளியே நின்று கேட்டான்.

"எஸ்திஃபானோஸ்" என்றான் ஷிபேஷி, சாணக் கையோடு, தலையை நிமிர்த்தாமல்.

"அவரு கோயில் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கு? அந்த ஊர்க்காரங்களே நேத்தோட அறுத்து முடிச்சிட்டாங்கய்யா. அவருக்கே தெரியாம நீ அவருக்கு லீவு விடுறியே!"

கழுதை நகர்ந்தது. வொர்க்னேயின் சிரிப்பு மேட்டைத் தாண்டும்வரை கேட்டது.

புனிதர்களின் நாளில் அந்த மலைநாட்டில் யாரும் ஏர் பூட்டுவதில்லை, கதிர் அறுப்பதில்லை. மீறினால் ஆலங்கட்டி விழும். மீறினவன் வயலில் மட்டுமல்ல, ஊர் முழுவதும் விழும். ஆனால் எந்தெந்த நாள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. தன் ஊர்க் கோயிலின் நாள், பெரிய புனிதர்கள் சிலரின் நாள், சனி, ஞாயிறு. ஷிபேஷியோ யாரையும் விடவில்லை. ஐந்தாம் தேதி அபோ, ஏழு திரித்துவம், எட்டில் நான்கு ஜீவன்கள், பன்னிரண்டு மிக்காயேல். யாருடைய நாளும் இல்லாத அன்றைக்கும் களம் மெழுகினான், அரிவாளுக்குப் புதுப் பிடி செதுக்கினான், மாட்டுக்குச் சாட்டை திரித்தான். காலையிலிருந்து சாயங்காலம்வரை அவன் கை சும்மா இருந்ததே இல்லை. அதனால் அவனைச் சோம்பேறி என்றும் சொல்ல முடியவில்லை.

தள்ளிப்போடுவது அவனுக்குப் புதிதும் அல்ல. இறந்த தகப்பனுக்குச் செய்யவேண்டிய தெஸ்கார் விருந்தை நாற்பதாம் நாளிலிருந்து வருஷ முடிவுக்குத் தள்ளினான். அங்கிருந்து ஏழாம் வருஷத்துக்குத் தள்ளினான். கூரையில் ஓட்டை விழுந்தபோது ஓட்டையை விட்டுவிட்டுப் படுக்கையை நகர்த்திப் போட்டான். இதையெல்லாம் சொல்லி அஸ்னாக்கு, அவன் மனைவி, முன்பெல்லாம் சிரிப்பாள். இந்த ஹிதாரில் அவள் சிரிக்கவில்லை.

"நாலு ஏர் நிலம். நீங்களும் நானும் மட்டும் அறுத்தா அஞ்சு நாள் ஆகும்" என்றாள், பதினெட்டாம் தேதி, இஞ்செரா அப்பம் சுட்டுக்கொண்டே. "பத்துப் பேர் வந்தா ஒரே நாள். தெபோவுக்குக் கூப்பிடுங்க. வர்றவங்க குடிக்கத் தல்லா வடிச்சு வெச்சு அஞ்சு நாளாச்சு, புளிக்குது. யாரைக் கூப்பிட்டீங்க?"

"கூப்பிடுறேன்."

"எப்ப?"

"நாளைக்கு."

"நாளைக்குக் கப்ரியேல் நாளும்பீங்க."

அவன் வாயில் அந்தப் பதில்தான் தயாராக இருந்தது. விழுங்கிக்கொண்டான்.

தெபோ என்றால் இன்று உன் வயலுக்கு நான், நாளை என் வயலுக்கு நீ. அங்கேதான் முடிச்சு விழுந்திருந்தது. போன வருஷம் வொர்க்னேயின் அறுப்புக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். அன்று காலை எழும்போதே நேரமாகிவிட்டது. இப்போது போனால் கேலி செய்வார்கள், மத்தியானத்துக்குமேல் ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு போகலாம் என்று நினைத்தான். மத்தியானம் அது இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று விட்டான். மன்னிப்புக் கேட்காத முகத்தோடு அடுத்தவன் அறுப்புக்கு எப்படிப் போவது? அதற்கும் போகவில்லை. அப்படியே ஐந்து வயல் தப்பிப் போயிற்று. ஒரு மணி நேரத் தாமதம் ஒரு வருஷத்து வெட்கமாக வளர்ந்துவிட்டது. இப்போது அந்த ஐந்து வாசலிலும் போய் நிற்கவேண்டும். களம் மெழுகும்போது மட்டும்தான் அந்த நினைப்பு கொஞ்சம் விட்டது. அதனால் மெழுகினான்.

இது அவனுக்கே தெரியும். தெரிந்தும் கால் அந்தப் பக்கம் போகவில்லை என்பதுதான் அவனைத் தின்றது.

இருபதாம் தேதி மேற்கே மேகம் ஏறியது. ஹிதாரில் வரக்கூடாத மேகம், ஈரத் துணிபோலக் கனத்த மேகம். அறுத்துப் போர் போட்டவர்களுக்குக் கவலை இல்லை; போரின் முதுகில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். நிற்கிற டெஃப் அப்படியல்ல. பழுத்த தாள் நூல்மாதிரி. ஒரு நல்ல மழை விழுந்தால் மண்ணோடு படுத்துவிடும். படுத்த கதிரில் நாலாம் நாள் முளை விடும்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவன் வொர்க்னேயின் வாசல்வரை போய்விட்டான். நாய் குரைத்தது. உள்ளேயிருந்து, "யாரது?" என்று குரல் வந்தது. ஷிபேஷி வந்த வழியே திரும்பி நடந்தான். பாதி வழியில் நின்று தன் தொடையில் தானே ஓங்கி அறைந்துகொண்டான். ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

விடிந்தால் இருபத்தொன்று. மரியம் நாள், அந்த ஊர்க் கோயிலின் சொந்த நாள். இதில் யாரும் பேரம் பேச முடியாது.

பூசை முடிந்து ஆண்கள் வெள்ளைப் போர்வையோடு தேவதாரு மரங்களின் கீழே உட்கார்ந்திருந்தார்கள். தல்லாக் குவளை கைமாறியது. மேகம் கோயில் கூரையைத் தொடுகிற உயரத்தில் வந்து நின்றது. ஷிபேஷியால் உட்காரவே முடியவில்லை. எழுந்து நேரே பாதிரியார் திபேபுவிடம் போனான். திபேபு அவனைவிடப் பத்து வயது இளையவர். சின்ன வயதில் அவனோடு மாடு மேய்த்தவர்.

"சாமி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அறுத்துக்கிறேன். எனக்கு அனுமதி கொடுங்க."

"மரியம் நாள்லயா?" திபேபு பயந்துபோனார். "நான் எப்படிக் கொடுக்க முடியும்? கல்லு மழை விழுந்தா ஊரு உன்னையும் விடாது, என்னையும் விடாது."

"வருஷத்துச் சோறு சாமி. வீட்டுல வேற ஒண்ணுமே இல்ல."

"இருபது நாள் இருந்துச்சேப்பா."

"ஏழு திரித்துவம், பன்னெண்டு மிக்காயேல்..."

"ஆமா. மிச்ச நாள்?"

குவளை யாரோ ஒருவர் கையில் அப்படியே இருந்தது. ஷிபேஷி புனிதர்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடினான். எல்லாப் பெயரும் ஞாபகம் வந்தது. எதுவும் மிச்ச நாளுக்குப் பொருந்தவில்லை.

"மிச்ச நாள்ல புனிதர் யாரும் என்னைத் தடுக்கல" என்றான். "வெட்கம்தான் தடுத்துச்சு. வொர்க்னே அறுப்புக்குப் போகாம விட்டேன். அப்புறம் யார் அறுப்புக்கும் போகல. உங்க வாசல்ல வந்து நிக்கப் பயந்துகிட்டுக் களத்தை மெழுகிட்டு இருந்தேன். நாளைக்கு வந்து அறுத்துக் கொடுங்க. கெஞ்சிக் கேக்குறேன்."

ஓர் ஆள், "களம் ரொம்ப நல்லா இருக்குப்பா, வெறும் களத்துலயே படுத்துத் தூங்கலாம்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வொர்க்னே சிரிக்கவில்லை. "அன்னிக்கு எம் பொண்டாட்டி உனக்கும் சேர்த்துச் சமைச்சு வெச்சிருந்தா" என்றான். "நீ வரலங்கிறதுகூட இல்ல. மறுநாள் ரோட்டுல என்னைப் பாத்துட்டுப் புதருக்குள்ள போனியே, அதுதான்யா. ரெண்டு நாள் நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

"நாளைக்கு வருவியா?"

"நாளைக்கு வர்றேன்னு உங்கிட்டச் சொல்ல மாட்டேன். அந்த வார்த்தையை நீ கெடுத்து வெச்சிருக்கே."

மத்தியானம் திரும்பியதும் மழை விழுந்தது. ஆலங்கட்டி இல்லை, வெறும் தண்ணீர். ஷிபேஷியும் அஸ்னாக்குவும் வயல் மேட்டில் ஒரே போர்வையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கீழ்ப்பாதி டெஃப் முதலில் குனிந்தது, பிறகு மண்டியிட்டது, பிறகு படுத்துவிட்டது. யாரோ பெரிய கையால் தடவிவிட்டமாதிரி ஒரே பக்கமாகப் படுத்தது. அஸ்னாக்கு அவனைத் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்தான்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வயல் ஈரத்தில் மினுங்கியது. ஈரக் கதிரை அறுத்துக் குவித்தால் புழுங்கிக் கெடும், ஒரு நாள் காயவிட்டு அறுக்கலாம் என்று மனம் சொன்னது. பொய் என்று சொல்லமுடியாத காரணம். எந்த விவசாயியும் தலையாட்டுவான். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இத்தனை நாளும் வந்த காரணங்களும் இப்படித்தான் நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தன.

முழு வயலையும் பார்க்காமல் மேல்மூலைக்குப் போனான். சரிவில் தண்ணீர் வடிந்துவிட்டதால் அங்கே டெஃப் படுக்காமல் நின்றிருந்தது. குனிந்து ஒரு பிடி பிடித்தான். அறுத்தான். பரப்பிக் காயவைக்க மேட்டில் போட்டான். இரண்டாம் பிடிக்கு மனம் காரணம் சொல்வதை விட்டது என்று சொல்ல ஆசைதான்; விடவில்லை. இருபதாம் பிடிக்கும் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டே அறுத்தான்.

வெயில் மேட்டுக்கு வந்தபோது பக்கத்தில் இன்னோர் அரிவாளின் சத்தம் கேட்டது. வொர்க்னே. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யாரும் வணக்கம் சொல்லவில்லை. வரிசை பிடித்துக் குனிந்தார்கள்.

"என்னப்பா பாக்குறே, உன் வரிசை பின்னாடி போகுது" என்றான் வொர்க்னே.

பொழுது சாயும் முன் மேல்பாதி முடிந்தது. அஸ்னாக்கு புளித்துப்போன தல்லாவைக் கொண்டுவந்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள். கீழ்ப்பாதியை வொர்க்னே காலால் தட்டிப் பார்த்தான்.

"இது போச்சு ஷிபேஷி. இருக்கிறதை வெச்சுப் பெரிய நோன்புவரைக்கும் ஓட்டு. அதுக்கப்புறம் எங்கேயாவது கூலிக்குத்தான் போகணும்."

அவர்கள் போனார்கள். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. ஷிபேஷி கீழ்ப்பாதியில் இறங்கினான். சேறு கணுக்காலுக்கு வந்தது. மண்ணில் ஒட்டிக் கிடந்த தாளை விரலால் நெம்பித் தூக்கி, சேற்றை உதறி, அறுத்தான். கைப்பிடியில் பாதி மண், பாதி கதிர்.

"இதுல என்னங்க தேறப்போகுது?" மேட்டிலிருந்து அஸ்னாக்கு கத்தினாள். "மழை வந்திரும்!"

"தெரியல" என்றான். "அது வர்றவரைக்கும்."

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவனுக்கு எதிர்முனையில் சேற்றில் இறங்கினாள். முதல் துளி விழுந்தபோது இருவரும் குனிந்தே இருந்தார்கள்.