ராஜகிரி வாசலில் கழுவிய கால்

ஜவ்வாது மலையிலிருந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, மலை மலையாகத் தனியே நடந்து, ஒன்பதாம் நாள் செஞ்சியில் நிற்கிறேன். ராஜகிரிக் கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்கும் அம்மா என் கொப்புளங்களைப் பார்த்துவிடுகிறார்.

“இன்னாபா இது காலு! கூட யாரும் வரலியா?”

“ஆண்டவர் வர்றாரும்மா.”

“கூட வர்றவரு இந்தக் கால பாக்கலியா?”

திட்டிக்கொண்டே குடத்துத் தண்ணீரை ஊற்றி, புண்ணில் ஒட்டிய மண்ணைத் தன் கையாலேயே கழுவுகிறார். கூச்சத்தில் காலை இழுக்கிறேன், அவர் விடவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வியாழன்தோறும் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவி முத்தமிடுகிறார். எனக்கு நினைவு தெரிந்து, எங்கள் காலனிக்காரன் ஒருவனைக்கூட அந்தப் பெஞ்சில் உட்காரவைத்ததில்லை.