ஆடிட்டிங் படிக்க உட்காரும் மனசைக் கேட்டேன்

பிள்ளைகளே, நயா பைசா வந்த மறு வருஷம் நடந்தது இது. உங்களில் மூத்தவள் அப்போது உங்க அம்மா வயிற்றில் இருந்தாள். நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீசில் கிளார்க். கணக்குப் பரீட்சையில் மற்றத் தாள்களிலெல்லாம் தேறிவிட்டேன். ஆடிட்டிங் என்கிற தணிக்கைத் தாளில் மட்டும் இரண்டு முறை தோற்றுப்போனேன்.

மூன்றாம் முறை எழுத மனுப் போட்டிருந்த சமயம். மேனேஜர் கூப்பிட்டார். "இந்தத் தடவை தேறிட்டா கணக்கர் வேலை உமக்குத்தான். இல்லைன்னா நீர் ஏழாயிரம்பண்ணை ஃபேக்டரிக்குப் போக வேண்டியதுதான். அங்கன வெடிமருந்து குடோனைப் பாத்துக்கிட ஆள் இல்லே" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். உங்க அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பசை தொட்ட விரல் அப்படியே நின்றுவிட்டது. உங்க பெரிய மாமு கரண்டி வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். அவர் வலது கை விரல்கள் மருந்து அறைத் தீயில் போனவை. அவருக்குக் கட்டுப் போட்டுவிட்டவள் உங்க அம்மாதான்.

"மருந்துப் பக்கம் மட்டும் போயிராதீக. வேற எங்க கூப்பிட்டாலும் வாரேன்" என்றாள். பசையைத் தொட்டு மறுபடி ஒட்ட ஆரம்பித்தாள்.

இத்தனை இருந்தும் எனக்குப் படிப்பு ஓடவில்லை. பயம் இருந்தால் படித்துவிடுவோம் என்று நினைப்போம். அப்படி இல்லை. புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வரும். இங்கிலீஷ் புத்தகம். எனக்குத் தெரிந்தது ஒரே வழி. சின்ன வயதில் குர்ஆன் ஓதுற பள்ளியில் செய்தது போல முன்னும் பின்னும் ஆடி ஆடி, பக்கம் பக்கமாக நெட்டுருப் போடுவேன்.

"புஸ்தகம் அசையல. நீங்கதான் அசையிறீக" என்று உங்க அம்மா கேலி செய்வாள்.

ஓதுவதை அப்படிக் கற்றால் நன்மை உண்டு. ஆடிட்டிங்கை அப்படிக் கற்றால் மார்க் இல்லை. கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் எனக்குக் கை ஓடாது. தோற்றது அதனால்தான். ஆனால் அது அப்போது எனக்குப் புரியவில்லை. நமக்கு மூளை இவ்வளவுதான் என்று மனசு விட்டுப்போனது.

ஒவ்வொரு தொழுகையிலும் "பாஸ் ஆக்கு, பாஸ் ஆக்கு" என்றுதான் துஆ கேட்டேன். ஒரு நாள் பள்ளிவாசலில் விடிகாலைச் சுபுஹுத் தொழுகை முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். புத்தகத்தைத் தொடாமல் பாஸைக் கேட்க எனக்கே வெட்கமாக வந்தது. கை ஏந்தினேன். "ரப்பே, பாஸை நீ பார்த்துக்கொள். எனக்கு உட்காருகிற மனசைக் கொடு. இந்தப் படிப்பில் ஒரு ருசியைக் கொடு" என்றேன். கண்ணீர் வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

புத்தகத்தை எடுத்தேன். ஆட ஆரம்பித்தேன். உங்க அம்மா பெட்டி ஒட்டிக்கொண்டே, "அப்படி என்னதான் போட்டிருக்கு அதுல? எனக்குச் சொல்லுங்களேன்" என்றாள். இத்தனை நாள் கேட்காதவள்.

"கணக்குப் பாக்க வாரவரு எல்லாத்தையும் பாக்க வேண்டாமாம். அங்கொண்ணு இங்கொண்ணு எடுத்துப் பாத்தாப் போதுமாம். அதுக்குக் காரணம் எழுதணும். அதுதான் மண்டையில ஏற மாட்டேங்குது."

"இதுல என்ன இருக்கு? பெட்டி எடுக்க வார ஏஜென்ட்டு கட்டுக்கு ரெண்டு பெட்டியத்தான் அமுக்கிப் பாக்காரு. எல்லாத்தையும் அமுக்குனா சப்பிப் போயிராதா?"

"சரி, நீ மேலாப்புல நல்ல பெட்டியா வச்சுக் கட்டிட்டா?"

"அடியில இருந்து உருவுவாரு. சொல்லிட்டா எடுப்பாரு?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதே விஷயம்தான் இருந்தது. எங்கள் கம்பெனியிலும் சரவெடிப் பெட்டிகளில் சிலதை எடுத்துப் பொட்டலில் வெடித்துப் பார்ப்பார்கள். எத்தனை வெடித்தது, எத்தனை நமுத்தது என்று குறிப்பவனே நான்தான். எல்லாவற்றையும் வெடித்துப் பார்த்தால் ஆர்டருக்கு எதை அனுப்புவது? தினமும் கண்ணால் பார்ப்பதையா நெட்டுருப் போட்டேன் என்று சிரிப்பு வந்தது. அன்று ஆபீசுக்கு நேரமாகும்வரை எழுந்திருக்கவில்லை. கொட்டாவியும் வரவில்லை. கேட்ட துஆவுக்கு இதுதான் பதில் என்று தெருவில் நடக்கும்போதுதான் உறைத்தது.

அதன் பிறகு தினமும் சுபுஹு முடிந்து வருவேன். படித்ததை நம் பேச்சில் உங்க அம்மாவுக்குச் சொல்வேன். அவளுக்கு விளங்காவிட்டால் எனக்கும் விளங்கவில்லை என்று அர்த்தம். சில நாள் சலிப்பு வரும். அன்றும் அதே துஆதான் கேட்பேன். உட்காருகிற அளவுக்கு மனசு கிடைக்கும்.

விருதுநகரில் பரீட்சை. பஸ் ஆமத்தூர் தாண்டும்வரை ஓதிக்கொண்டே போனேன். மாதிரிக்கு எடுத்துப் பார்ப்பது பற்றியும் ஒரு கேள்வி வந்திருந்தது. பொட்டல் கண் முன்னால் வந்தது, எழுதினேன். இன்னொரு கேள்வியை அரைகுறையாகத்தான் விட்டேன். அதைச் சொல்லாமல் மறைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் உங்க அம்மா கேட்டாள். "புஸ்தகம் பூராத்தையுமா கேட்டாக?"

"இல்ல. ஏழெட்டுக் கேள்விதான்."

"அப்ப ஒங்களையும் சாம்பிள்தான் வெடிச்சுப் பாத்திருக்காக" என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல நாளைக்கு அப்புறம் அவள் சிரித்தது.

தேறிவிட்டேன். கணக்கர் வேலை கிடைத்தது. ஏழாயிரம்பண்ணைக்கு வேறு ஆளும் கிடைத்தது. நான் இன்றும் ஆபீஸ் நாற்காலியில்தான் இருக்கிறேன். பத்து விரலோடு சாயங்காலம் வீடு வருகிறேன். ஒவ்வொரு நாளும் கதவைத் திறக்கிறபோது உங்க அம்மா கண் முதலில் என் கையைத்தான் பார்க்கிறது. அப்போதெல்லாம் என் ரப்புக்கு மனசுக்குள் நன்றி சொல்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் பரீட்சை வரும். புத்தகம் கசக்கும். அப்போது முடிவை மட்டும் கேட்காதீர்கள். இன்றைக்கு உட்காருகிற மனசைக் கேளுங்கள். அவன் கொடுப்பான். அது யார் வாயில் எந்தப் பேச்சாக வரும் என்று தெரியாது, அதனால் காதைத் திறந்து வையுங்கள். எந்தப் பெட்டியை உருவுவார்கள் என்றும் நமக்குத் தெரியாது. ஆகவே எல்லாப் பெட்டியையும் ஒழுங்காக ஒட்டி வையுங்கள்.