சிவப்புத் தொப்பிக்காரரிடம் கொடுத்துவிடுவேன்

எங்கள் வீட்டில் பூச்சாண்டி கிடையாது. இது என் மனைவி போட்ட சட்டம். அவள் அரியூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். 'அழுதா அந்த அக்கா ஊசி போட்டுடும்' என்று அவளைக் காட்டியே பிள்ளைகளை மிரட்டுகிற பெற்றோரைத் தினமும் பார்க்கிறவள். தன்னைக் கண்டதுமே அலறுகிற குழந்தைகளைப் பார்த்து அலுத்துப்போய், மகள் பிறந்தபோதே சொல்லிவிட்டாள்: "எம் புள்ளைய யாரையும் காட்டிப் பயமுறுத்தக் கூடாது. செய்யாதத செய்வேன்னும் சொல்லக் கூடாது."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். கடைப்பிடித்துப் பாருங்கள், தெரியும். பூச்சாண்டி துணையில்லாமல் ஒரு கிண்ணம் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். கரிக்கலாம்பாக்கத்தில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் என் அக்கா, தன் மூன்று பிள்ளைகளையும் பேயையும் பிள்ளை பிடிக்கிறவனையும் வைத்தே வளர்த்தவள். "இன்னாம்மா இது, ஊர்ல இல்லாத கூத்து? பயமே இல்லன்னா நாளைக்குத் தலைமேல ஏறி உக்காந்துக்கும்" என்பாள். "பசிச்சா தானா துன்னும், அண்ணி" என்பாள் என் மனைவி. நான் வாயளவில் மனைவி பக்கம், மனசுக்குள் அக்கா பக்கம்.

போன வருடம் வில்லியனூர்த் தேருக்கு மகளோடு நான் மட்டும் போனேன். மனைவிக்கு டியூட்டி. மகளுக்கு நாலரை வயது. தேர் கிளம்பப் போகிற நேரம், இவள் ராட்டினத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். மூன்று தடவை சுற்றியாயிற்று. கெஞ்சினேன், சட்டப்படி விளக்கமும் சொன்னேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அடுத்த பிள்ளைகள் வரிசையில் காத்திருக்க, ராட்டினக்காரர் என்னைப் பார்த்தார். என் பொறுமை அங்கே போய்விட்டது.

"இப்ப எறங்கலன்னா, அந்தச் சிவப்புத் தொப்பி போலீஸ்கிட்ட புடிச்சிக் குடுத்துடுவேன்."

"எந்த போலீஸ்?"

"தோ, அந்த மூலையில பந்தல்ல நிக்கறாரே, அவருகிட்ட."

அந்தப் பக்கம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு மறுபேச்சில்லாமல் இறங்கிவிட்டாள். இத்தனை வருடம் தொண்டை வற்ற நாங்கள் செய்த வேலை ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அக்கா கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டேன். சொல்வதற்கென்ன, சந்தோஷமாகவே இருந்தது.

தேர் அசைந்தது. வடத்தைத் தொட்டுக் கும்பிட ஒரு கையை நீட்டினேன். கூட்டம் ஒரு தள்ளு தள்ளியதில் விழாமல் இருக்க, அவளைப் பிடித்திருந்த இன்னொரு கையையும் ஊன்ற வேண்டியதாயிற்று. நிமிர்ந்து பார்த்தால் மகள் இல்லை.

"இன்னா கலர் கவுனு?" என்று பொரி விற்ற அம்மா கேட்டார். காலையில் நானேதான் போட்டுவிட்டேன். எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ராட்டினம், வளையல் கடை, நீர்மோர்ப் பந்தல் என்று ஓடினேன். தேர்ச் சக்கரத்தின் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அந்தப் போலீஸ் பந்தலில் மட்டும் தேடவில்லை. அங்கே எப்படிப் போவாள்? சிவப்புத் தொப்பி தெரிந்தாலே எந்தக் கடைக்கு அடியிலாவது ஒளிந்துகொள்வாள். உதவிக்கென்று நிற்கிற ஒரே ஆளிடம் என் பிள்ளை போகாதபடி நானே செய்துவிட்டேனே என்று என் வாயிலேயே அடித்துக்கொண்டேன்.

கடைசியில், மைக்கில் சொல்லச் சொல்லலாம் என்று அழுதுகொண்டே அந்தப் பந்தலுக்குப் போனேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு மோர் குடித்துக்கொண்டிருந்தாள் என் மகள். மஞ்சள் கவுன்.

"இன்னாபா, புள்ளைய உட்டுட்டு எங்க போன? மைக்ல எத்தினி வாட்டி சொல்றது?" என்று அதட்டினார் போலீஸ்காரர். மேளச் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. அவளைத் தூக்கி இறுக்கிக்கொண்டேன். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, அன்றுதான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. அவர் குரல் இறங்கியது. "என்னப் பாத்தா எல்லாப் புள்ளையும் அழுவும். இது நேரா எங்கிட்ட வந்து, 'எங்கப்பா என்ன உங்ககிட்ட குடுக்கப் போறாரு, இங்கியே நிக்கறேன்'னுச்சு. எனக்கு சிரிப்பு தாங்கல."

"நீ எப்படியும் இங்கதான வருவ?" என்றாள் மகள், என் கழுத்தைக் கட்டிக்கொண்டு.

திரும்பும்போது ஸ்கூட்டியில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு வந்தாள். கரும்பு வயலைத் தாண்டினோம். பிறகு கேட்டாள்: "ப்பா, நான்தான் எறங்கிட்டனே, அப்பவும் என்ன குடுத்துடுவியா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். "இல்லடா. அப்பா கோவத்துல பொய் சொல்லிட்டேன். உன்ன யாருகிட்டயும் குடுக்க மாட்டேன்."

நீளமாக ஒரு மூச்சு விட்டாள். ஹேண்டிலைப் பிடித்திருந்த என் கைமேல் அது சூடாகப் பட்டது. பந்தலில் மோர் குடித்தபோதும் அதை அடக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அப்ப சரி. வூட்டுக்குப் போலாம்" என்றாள்.