உடுப்பிட்டி வீட்டு மிச்சக்காசு

மச்சாள் செருப்பைக் கழற்றாமல் அந்த வீட்டுக்குள் ஏறிய காலைப்பொழுது இன்றும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. உடுப்பிட்டியில், பெரிய வீதியிலிருந்து சற்று உள்ளே, இரண்டு மாடியாக எழும்பிய புது வீடு. பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. மாபிள் பதித்த விறாந்தை முழுவதும் கீறல் படாமல் காட்போட் மட்டைகள் விரித்திருந்தார்கள். சுவிஸிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரரும் மனைவியும் வாசலுக்கு வந்தார்கள். நான் வழக்கப்படி படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். மச்சாள் கழற்றவில்லை. வீட்டுக்காரரின் மனைவியுடைய பார்வை அவள் காலில் விழுந்தது. “குறை நினையாதேங்கோ அக்கா. வேலை முடிஞ்சு கணக்குத் தீருமட்டும் இது எங்களுக்கு வேலைத்தலம்தானே,” என்றாள் மச்சாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

அவள் என் அண்ணையின் மனைவி; அவளுக்கு நானும் மச்சாள்தான். அதற்கு முன்னரே என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். அதனால் எங்களுக்குள் மரியாதைப் பன்மை எல்லாம் கிடையாது. அண்ணை வீடு கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தகாரர். நாங்கள் இருப்பது அச்சுவேலியில். வலிகாமத்திலும் வடமராட்சியிலும் அவர் கட்டிய வீடுகள் பல இருந்தாலும் அந்த உடுப்பிட்டி வீடுதான் எல்லாவற்றிலும் பெரியது. கூரை முடிந்து, நிலத்துக்கு மாபிள் பதித்து முடிந்து, மாடிப்படிக் கைபிடியும் கடைசிப் பூச்சும் மட்டும் மிச்சமிருந்த நேரத்தில், ஒருநாள் காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம். உயிர் தப்பியது. வலக்கையும் வலக்காலும் விழுந்துபோயின. சொல்ல நினைப்பது முகத்தில் தெரியும், வாயில் வராது.

அண்ணையிடம் வேலை செய்தவர்கள் தாங்களாகவே மிச்ச வேலையை முடித்தார்கள். ஆனால் அவர்களுடைய கூலி நின்றுபோயிருந்தது. சீமெந்தும் மாபிளும் கடனுக்குக் கொடுத்த கடைக்காரர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு நிறைய நேரம் நின்றார். வெளியே வந்து, “அந்த உடுப்பிட்டிக் காசு வந்திட்டுதோ, பிள்ளை?” என்று என்னிடம் மெல்லக் கேட்டார். வரவில்லை. வீடு முடிந்ததும் தருவதாகச் சொன்ன கடைசிப் பகுதி அப்படியே இருந்தது. அதைவிட, வீட்டுக்காரர் சுவிஸிலிருந்து தொலைபேசியில் கேட்டுக் கேட்டுச் செய்வித்த மேலதிக வேலைகள் இருந்தன: மேல் மாடத்துக்கு மரக்கூரை, வாகனம் விடுகிற இடத்துக்கு ஒரு கொங்கிறீற் தட்டு. அவற்றைப் பற்றி எழுத்தில் எதுவும் கிடையாது. பேசியது இரண்டு பேர். அதில் ஒருவருக்குப் பேச்சு போய்விட்டது.

மச்சாள் அதுவரை வேலைத்தலத்துக்குப் போனவள் அல்ல. அவள் வீட்டில் இருந்து சட்டை தைப்பவள். சாறிச் சட்டை, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் பாவாடை தாவணி. அவள் போகிறேன் என்றதும் அண்ணை இடக்கையை அசைத்து ‘விடு’ என்று காட்டினார். தன் மனைவி இன்னொருவர் வாசலில் போய்க் காசுக்கு நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது. மச்சாள் கட்டில் ஓரத்தில் இருந்து அவருடைய வாயைத் துடைத்துவிட்டாள். “நான் பிச்சைக்குப் போகேல்லையப்பா. செய்த வேலைக்குக் கேக்கப் போறன். நீங்கள் எழும்பி நடக்கிற வேலையைப் பாருங்கோ. இதை என்னட்டை விடுங்கோ,” என்றாள்.

செருப்போடு ஏறிய அந்தக் காலையில் வீட்டுக்காரர் எங்களுக்குத் தேநீர் தந்தார். அண்ணையின் நிலைமைக்காக உண்மையாகவே வருந்தினார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு எழுந்து, ஒவ்வோர் அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் குறைகளைக் காட்டத் தொடங்கினார். குளியலறையில் ஒரு மாபிள் தட்டினால் பொள் என்று கேட்கிறது. சமையலறைக் குழாயடியில் கசிவு. ஒரு ஜன்னல் சரியாகப் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் காட்டி முடித்துவிட்டு, “அவர் எழும்பி வரட்டும் தங்கச்சி, அவரோடை இருந்து கதைச்சுத் தீர்ப்பம்,” என்றார்.

“அவர் எழும்ப நாள் செல்லும் அண்ணை. நான் வந்திருக்கிறன். என்னோடை கதையுங்கோ. நீங்கள் காட்டினது எல்லாம் செய்து தாறம். செய்து முடிஞ்சால் காசைத் தருவியளோ?” என்று மச்சாள் கேட்டாள்.

அவர் தலையாட்டினார். ‘ஓம்’ என்று வாயால் சொல்லவில்லை. அதை மச்சாள் கவனித்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கூலி கிடைக்காத ஆட்களைத் திரும்பவும் அதே வீட்டுக்கு வேலைக்கு அனுப்புவது எளிதான காரியம் இல்லை. தலைமேசனார் எங்கள் முற்றத்தில் நின்று கொதித்தார். “தங்கச்சி, மேல்மாடிப் பூட்டின்ரை திறப்பு இன்னும் எங்கடை கையிலைதானே. புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைச்சு, அழைப்புக் காட் அடிச்சு, ஊரெல்லாம் குடுத்திட்டார். ஒரு கிழமைக்குத் திறப்பைக் குடுக்காமல் விடுங்கோ, ஆள் ஓடி வருவார்.” பின்னால் நின்ற ஒருவர், தனக்குத் தெரிந்த பெடியள் இருக்கிறார்கள், ஒருக்கால் போய்க் கதைத்தால் போதும் என்றார். எப்படிப்பட்ட பெடியள், எப்படிக் கதைப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

“உந்தக் கதை இந்த வளவுக்குள்ளை வேண்டாம்,” என்றாள் மச்சாள். குரல் உயரவில்லை. “வெருட்டி வாங்கினால் நாளைக்கு அவையே வந்து எங்களிட்டைப் பங்கு கேப்பினம். திறப்பை மறிச்சால் அவர் பூட்டை உடைச்சு மாத்துவார், நாங்கள் கள்ளர் மாதிரி நிக்கவேணும். பிழை எண்டு சொன்னதைச் செய்து குடுத்திட்டு நிமிர்ந்து நிண்டு கேப்பம். உங்கடை கூலிக்கு நான் பொறுப்பு.” அடுத்த நாள் தன் தாலிக்கொடி தவிர்ந்த நகையை அடகு வைத்து எல்லோருக்கும் பாதிக் கூலி கொடுத்தாள். அண்ணைக்கு அதைச் சொல்லவில்லை.

மேசனார் முணுமுணுத்துக்கொண்டே போய் மாபிளைக் கிளப்பித் திருப்பிப் பதித்தார். குழாய் சரியாயிற்று. தச்சுவேலை செய்கிற ஓடாவியார் ஜன்னலைக் கழற்றிச் சீவிப் பூட்டினார். நாங்கள் மீண்டும் போனோம். இம்முறை வீட்டுக்காரர் சுவரின் நிறம் தான் சொன்ன நிறம் இல்லை என்றார். மேல் மாடத்துக் கூரைக்குத் தான் ஒருபோதும் சம்மதிக்கவில்லை என்றும் சொன்னார். அந்தக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டுதான் சொன்னார். மச்சாள் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வல்லை என்கிற வெட்டவெளியில் காற்று ஸ்கூட்டியைத் தள்ளியது. பின்னால் இருந்த மச்சாள் என் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொன்னாள். இறங்கி, முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, “அந்த ஆளிட்டைக் காசு இல்லை,” என்றாள்.

“உனக்கென்ன விசரோ? சுவிஸிலை இருந்து வந்து மாடி கட்டுற ஆளிட்டைக் காசு இல்லையோ?”

“எத்தினை வருசம் சட்டை தைக்கிறன், மச்சாள். காசு வைச்சிருக்கிறவை விலையைக் குறைக்கச் சொல்லித்தான் சண்டை பிடிப்பினம். உவர் ஒருக்காலாவது குறைக்கச் சொல்லிக் கேட்டவரோ? காசு இல்லாதவைதான் தையலிலை பிழை பிடிக்கிறது. கழுத்து இறக்கம் எண்டுவினம், கை இறுக்கம் எண்டுவினம், சட்டையை மட்டும் கொண்டுபோகமாட்டினம். அந்த வீட்டிலை ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருக்கினமோ? பிளாஸ்ரிக் கதிரை ரெண்டு. நிலத்திலை பாய். நாங்கள் இனி என்ன திருத்தினாலும் அவர் வேறை ஒண்டு சொல்லுவார்.”

இனி என்ன செய்வது என்று கேட்டேன். “இல்லாததை இல்லையெண்டு சொல்லப்பண்ண வேணும். பிறகுதான் இருக்கிறது எவ்வளவு எண்டு தெரியும்,” என்றாள்.

அடுத்த முறை போனபோது அவள் குறைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்காரரின் மனைவியையும் வந்து இருக்கும்படி கேட்டாள். அவர் ஈரக்கையைத் துடைத்தபடி வந்து மாடிப்படியில் இருந்தார். “அண்ணை, நான் உங்களைக் குறை சொல்ல வரேல்லை. எனக்கும் வீட்டிலை வருத்தக்காரர் இருக்கிறார், கடன் இருக்கு. காசு இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. அதிலை ஒரு வெக்கமும் இல்லை. உங்களிட்டை இப்ப என்ன இருக்கு?”

வீட்டுக்காரர் கோபப்பட்டார். தன்னை யாரென்று நினைத்துவிட்டாள் என்று கேட்டார். அங்கே தனக்கு என்ன உத்தியோகம், இங்கே எத்தனை பேருக்கு உதவி செய்தவன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மச்சாள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சொல்லச் சொல்ல அவருடைய குரல் இறங்கிக்கொண்டே வந்து, ஒரு இடத்தில் நின்றுபோயிற்று.

அப்போதுதான் அவருடைய மனைவி கேட்டார்: “அப்ப நீங்கள் இவைக்குக் கடைசிக் காசு குடுக்கேல்லையோ? குடுத்திட்டன் எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?”

அவர் நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டார். வேலை செய்த உணவகத்தில் நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம். வங்கிக் கடன் ஒன்று, சீட்டுக் கடன் ஒன்று. கைவசம் இருந்த கடைசிப் பணத்தைக் குடிபூரலுக்கு மண்டபம், சாப்பாடு, வீடியோ, மேளம் என்று முற்பணமாகக் கட்டியிருக்கிறார். “வெளிநாட்டிலை இருந்து வந்து ஊருக்கு ஒரு நேரச் சாப்பாடு போடாட்டில் சனம் என்ன சொல்லும்?” என்றார். அழுகிற குரல்தான். மனைவி எழும்பிப் போய் ஜன்னலோரம் நின்றார். அந்த வீட்டின் பாதிக் காசு, அவர் சுவிஸில் ஓர் ஆஸ்பத்திரியில் நிலம் துடைத்துச் சேர்த்தது என்று பிறகு அறிந்தோம்.

எனக்கு இரக்கமாக இருந்தது. எழும்பிப் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. மச்சாளுக்கும் இரக்கம் வந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் எழும்பவில்லை. “உங்கடை மரியாதையைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை அண்ணை. ஆனால் நீங்கள் ஊருக்குப் போடுற சோறு எங்கடை மேசன்மாரின்ரை கூலியிலை வாங்கினதாய் இருக்கக்கூடாது. மண்டபத்தை நிப்பாட்டுங்கோ. வீட்டிலை பால் காய்ச்சுங்கோ, சொந்தக்காரர் நாலு பேரைக் கூப்பிடுங்கோ. திரும்பி வாற காசிலை முதல் ஆக்களின்ரை கூலி. கடைக்காரரின்ரை காசும் எங்கடை பங்கும் மாதம் மாதமாய் அனுப்புங்கோ. மேல் கூரைக் காசையும் சேர்த்துத்தான். அது நீங்கள் கேட்டுச் செய்த வேலை, உங்களுக்குத் தெரியும்.”

அவர் வாய் திறக்குமுன் மனைவி திரும்பினார். “ஓம் தங்கச்சி, அப்பிடியே செய்வம். காட் குடுத்த ஆக்களுக்கு நான் ஃபோன் எடுத்துச் சொல்லுறன்.” கணவரைப் பார்த்து, “நான் சொல்லுறன். நீங்கள் சும்மா இருங்கோ,” என்றார்.

மண்டபக்காரர் முற்பணத்தில் ஒரு பகுதியைத்தான் திருப்பினார். சமையல்காரர் முழுவதையும் தந்தார். அந்தக் கிழமையே மிச்சக் கூலி முழுவதும் கொடுபட்டது. மச்சாள் எங்கள் முற்றத்தில் ஆளாளாகக் கூப்பிட்டு அவரவர் கையில் கொடுத்தாள். அண்ணை சாய்கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைமேசனார் காசை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு நேரே அண்ணையிடம் போனார். அவருடைய விழுந்த கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அண்ணை அன்று குழந்தை மாதிரி அழுதார். குடிபூரல் சிறிதாக நடந்தது. மேசனாருக்கும் ஓடாவியாருக்கும் வீட்டுக்காரர் தன் கையாலேயே வேட்டியும் சால்வையும் கொடுத்தார்.

மாதக் காசு ஒழுங்காக வந்தது. இடையில் ஒரு தடவை நின்றது. மச்சாள் ஃபோன் எடுத்து, “சுகமாய் இருக்கிறியளோ?” என்று மட்டும் கேட்டாள். அடுத்த கிழமை வந்துவிட்டது. கடைக்காரரின் கடன் தீர்ந்தது, நகை மீண்டது, கடைசியில் மேல் கூரையின் காசும் வந்தது. அதற்குள் அண்ணை பொல்லு ஊன்றி நடக்கவும் சில சொற்களைத் தடக்கித் தடக்கிச் சொல்லவும் பழகிவிட்டார். வேலைத்தலத்துக்கு அவரால் இனிப் போக முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருநாள் தலைமேசனார், சுன்னாகத்தில் ஒருவர் வீடு கட்ட ஆள் தேடுகிறார் என்று வந்து சொன்னார். அண்ணையிடமல்ல, மச்சாளிடம் சொன்னார். தையல் மெசினுக்கு உறை போட்டு மூடிவிட்டு அவள் எழும்பி வந்தாள்.

இப்போது ஒப்பந்தம் எடுப்பது அவள்தான். கணக்கு நான் பார்க்கிறேன். பேச்சில் மட்டும் ஒரு வேலையும் நடப்பதில்லை. ஒரு அலுமாரித் தட்டுக் கூடுதலாகக் கேட்டாலும் விலை எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஓடாவியார் பலகையில் கை வைப்பார். சனம் அவளைக் கறார்க்காரி என்கிறது. அவளுக்கு அது தெரியும்.

போன கிழமை காங்கேசன்துறைப் பக்கமாக புது வீடு கட்டுவதற்கு ஒரு வளவு பார்க்கப் போனோம். இளம் தம்பதி. கணவர் அரசாங்க உத்தியோகம், மனைவி ஆசிரியை. ஃபோனில் மாடி வீட்டுப் படங்களைக் காட்டினார்கள். மச்சாள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு அவர்களிடம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு கடன் எடுக்கப்போகிறார்கள், கடைசிக் காசு எங்கிருந்து வரும் என்று கேட்டாள். “அது அப்பிடி இப்பிடிப் பாத்துக்கொள்ளலாம் அக்கா,” என்றார் கணவர்.

“இல்லைத் தம்பி. இந்தக் காசுக்குக் கீழ்வீடு வடிவாய் முடியும். மேல்மாடிக்கு இரும்புக்கம்பியை நீட்டிவிடுறன், வசதி வந்தாப்பிறகு கட்டுங்கோ. மாடியோடை சேர்த்தெண்டால் நான் எடுக்கமாட்டன்.”

அந்தப் பெண்ணின் முகம் வாடியது. கணவருக்கு ரோசம் வந்துவிட்டது. வேறு ஆட்களிடமும் விசாரிப்பதாகச் சொன்னார். “விசாரியுங்கோ,” என்றாள் மச்சாள். வேலிக்கரையில் நின்ற ஸ்கூட்டிக்கு வரும்வரை நான் பொறுத்திருந்தேன். பிறகு, நல்ல வேலை ஒன்று கைவிட்டுப் போகிறதே என்று சொன்னேன்.

“போகட்டும். அந்தப் பிள்ளை வெறும் வீட்டிலை பாயிலை படுத்துக்கொண்டு எங்களுக்குக் காசு தரவேண்டாம்,” என்றாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். “எடு மச்சாள், சுன்னாகத்திலை கொங்கிறீற் போட ஆக்கள் வந்து நிக்கினம்.”