பளிங்குப் பெண்ணும் ஒரு செக்யூரிட்டியும்

சிலையைத் தொடக்கூடாது என்று எனக்குத் தெரியாதா என்ன? முப்பது வருஷமாக சர்க்கார் உத்தியோகம் பார்ப்பவன். போர்டைப் படித்துவிட்டுத்தான் நின்றேன். ஆனாலும் போன மாதம் ஹைதராபாத் மியூசியம் ஒன்றில் செக்யூரிட்டியிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

அந்தப் பளிங்குப் பெண் எனக்குக் கல்லூரிக் காலத்துப் பழக்கம். முகத்தில் ஒரு மெல்லிய திரை — அதுவும் கல்தான். ஆனால் உள்ளே மூக்கு, உதடு எல்லாம் தெரியும்! பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, அந்தமானில், கராச்சர்மாவிலுள்ள எங்கள் வீட்டு பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன்.

"மூஞ்சியே காட்டாதவகிட்ட இந்த வழிசலு. காட்டியிருந்தா?" என்பாள் என் மனைவி.

போர்ட் பிளேரிலிருந்து மெயின்லேண்ட் போவதென்றால் சும்மாவா? லீவு, கப்பல் டிக்கெட், பயணச் சலுகைக்கான எல்.டி.சி. ஃபார்ம்... எல்லாம் கூடிவந்து, ஒருவழியாக இருவரும் அவள் முன்னால் போய் நின்றோம்.

நின்றால்... ஒன்றுமே ஓடவில்லை. சுற்றிலும் எல்லோரும் "வாவ்" என்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். என் செல்போனோ பையை விட்டு வெளியே வரவில்லை. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் படத்தில் பட்டாகத் தெரிந்த துணி, நேரில் முகத்தோடு ஒட்டிய ஈரத் துணியாக அல்லவா இருக்கிறது? இதையா இத்தனை வருஷம் ரசித்தேன்?

கை தானாக நீண்டது, திரையின் நுனியைப் பிடிக்க.

"அரே பாய்! ஹாத் மத் லகாவோ!" — கை வைக்காதே என்று கத்தியபடி செக்யூரிட்டி ஓடி வந்தார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னங்க பண்றீங்க? அது கல்லுங்க!" என்றாள் மனைவி.

"இல்ல... துணிய வெலக்கி, யாருன்னு பாத்துடலாம்னு..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

சுனாமிக்கு அடுத்த வாரம் கார் நிக்கோபார் தீவில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அங்கே வேலைக்குப் போயிருந்த என் தம்பியைத் தேடி, உடல்களை மூடியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். ஒவ்வொரு முறையும், அப்பாடா, அவன் இல்லை. கடைசித் துணியை விலக்கும்போது மட்டும், இவனாவது அவனாக இருக்கக்கூடாதா என்று இருந்தது. அவன் கிடைக்கவே இல்லை. எதை வேண்டிக்கொண்டிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள், எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மனைவி எங்கள் தீவு இந்தியில் மெதுவாக ஆரம்பித்தாள். "பாய்சாப், இன்கா சோட்டா பாய்... சுனாமி மே..." இவர் தம்பி, சுனாமியில், என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

 செக்யூரிட்டி தடுப்புக் கயிற்றைத் தூக்கிப் பிடித்து, என்னை இன்னும் ஓரடி அருகே விட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அந்த முகத்தையே வெகு நேரம் பார்த்தேன்.

"தேக் லியா, பாய்?" என்று கேட்டார், தணிந்த குரலில்.

பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினேன். யாரை என்று மட்டும் கேட்காதீர்கள்.